வைரவன் குந்திய இடம்

ஜன்னல் ஓரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. முகத்தை மட்டும் என் பக்கம் கொஞ்சம் திருப்பி உட்காருங்கள். பேசுகிற ஆளின் வாயைப் பார்க்காமல் எனக்குப் பேச வராது. பழக்கதோஷம்.

மடியில் என்ன, சுவர்க் கடிகாரமா? புது வீட்டு விசேஷமா? கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன். ம்ஹூம். காதோடு ஒட்டி வைத்தும் சத்தமே காணோம். கடைக்காரன் செத்த கடிகாரத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டான். என்ன, முள் நகர்கிறதா? அட ஆமாம், நகர்கிறது. இந்தக் காலத்துக் கடிகாரம் எல்லாம் ஊமை தம்பி. பிடியுங்கள்.

காது விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. காராம்பாறைச் செம்புச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் நான் கூரைக்காரன். பேர் தாண்டவன். பூமிக்கு அடியில் அறுநூறு அடியில் தலைக்கு மேலே நிற்கிற பாறைதான் கூரை. ஷிப்ட் இறங்குவதற்கு முன்னால் நான் போய் இரும்புக் கோலால் அதைத் தட்ட வேண்டும். நல்ல பாறை கோயில் மணி மாதிரி 'ணங்' என்னும். உள்ளே பிளவு விட்டுப்போன பாறை காலிக் குதிர் மாதிரி 'பொத்' என்னும். 'ணங்' என்றால் சுண்ணாம்பால் ஒற்றைக் கோடு. 'பொத்' என்றால் பெருக்கல் குறி. ஒற்றைக் கோட்டுக்கு அடியில் நூற்றிருபது பேர் பயமில்லாமல் நின்று சோறு தின்பார்கள். பெருக்கல் குறிக்கு அடியில் பெரிய மேனேஜர் கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்.

ஒரு தடவை ஐந்தாம் மட்டத்தில் தட்டிவிட்டுக் காதை வைத்தேன். மேலே ரோட்டில் டீக்கடை முனியன் பாலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஏறி வந்து அவன் சட்டையைப் பிடித்தேன். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். சிரிக்கிறீர்கள். முனியன் செத்துப்போய்விட்டான், இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

எனக்கு விளக்குப் பிடிக்க ஒருவன் உண்டு. சவரியப்பன். என்னைவிடப் பதினாறு வயசு சின்னவன். பத்தொன்பது வருஷம் பக்கத்திலேயே நின்றான். வேலை என்ன? நான் தட்டுகிற இடத்தில் கைவிளக்கின் வெளிச்சத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதிலும் பயந்தாங்கொள்ளிப் பயல். நல்ல கூரையில் வெளிச்சம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். மோசமான கூரையில் நான் ஒரு தட்டுத் தட்டினதுமே அவன் கை நடுங்கும், வெளிச்சம் பாறையில் கிடந்து ஆடும். அவன் நடுக்கத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இந்தக் கோழையை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்று பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பாருங்கள், பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெருக்கல் குறி கூடத் தப்பினது கிடையாது. அப்படிப்பட்ட காது இது.

அந்தக் காதுக்கு வாய்க்கரிசி போடத்தான் நாயைக் கொண்டுவந்தார்கள்.

நிஜ நாய் இல்லை தம்பி. இரும்பு நாய். நாலு கால், தலை கிடையாது, தலை இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கண்கள். முதுகில் விஷவாயு பார்க்கிற டப்பா, கழுத்தடியில் விளக்கு. கோயம்புத்தூரிலிருந்து ரூபிணி என்று ஒரு இன்ஜினியர் அம்மா அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. படி ஏறும், சகதியில் நடக்கும், விழுந்தால் தானே எழுந்திருக்கும். வெடி வைத்த புகைக்குள் ஆளை அனுப்பாமல் இதை அனுப்பலாமாம். நேற்றுக் கூரை எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து ஒத்துப் பார்க்குமாம். ஒரு விரல் கனம் இறங்கியிருந்தாலும் அந்த இடத்திலேயே குந்திக்கொண்டு சிவப்பு விளக்கைச் சுழற்றுமாம். நாயாச்சே, நம் ஆட்கள் வைரவன் என்று பேர் வைத்து எலுமிச்சம்பழம் குத்தி விட்டார்கள்.

பெரிய மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். தொண்ணூறு நாள் சோதனை. காலைச் சுற்று முழுக்க வைரவன் போகும். அது குந்தினால் மட்டும் தாண்டவன் போய்த் தட்டிப் பார்க்கட்டும், தாண்டவன் சொல்தான் கடைசி. தொண்ணூறு நாளில் நாய் தேறிவிட்டால் கூரைக்காரன் என்கிற வேலையே இருக்காது. தேறாவிட்டால் நாய் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போகும்.

எனக்கு அப்போது அறுபத்தொன்று. என்னைச் சாமான் ரூமில் உட்கார்ந்து கையுறைக்கு ஜோடி சேர்க்கச் சொன்னார்கள். கூரைக்காரன் தாண்டவன் கையுறைக்கு ஜோடி சேர்ப்பதா? எங்கே பார்ப்போம், நீயா நானா என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் அந்த அம்மா நாயை ஓட்ட ஒரு ஆளைப் பழக்க வேண்டும் என்று சொல்லி யாரைப் பிடித்தது தெரியுமா? சவரியை. பொறுமைசாலியாம். அவன் சாயந்திரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க வேணாம்னா நான் போவல."

"போடா. உனக்கென்ன, நாய் மேய்க்கிற யோகம் எல்லாருக்கும் வருமா?"

"அதுக்கில்லண்ணே. நான் போயிட்டா உங்க பக்கத்துல யாரு நிப்பா?"

எவ்வளவு கொழுப்பு, பாருங்கள். "ஏண்டா, வெளக்குப் புடிக்க ஆளா இல்ல ஊருல? ஒரு ஆணியில மாட்டிவிட்டா அதுபாட்டுக்கு நிக்கப் போவுது" என்றேன்.  அவன் என் முகத்துக்கு நேரே நின்று, "யாருகிட்டயும் நான் சொன்னதில்லண்ணே, சொல்லவும் மாட்டேன்" என்றான். என்னத்தைச் சொல்ல மாட்டான், எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவன் சீட்டுப் போட்டு ஏமாந்த கதையாக இருக்கும்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன் ஆட்டத்தை. ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். வைரவனுக்கு நான் வைக்கிறேன் என்று முன்னால் போய் ஒரு கண் விடாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். நேராகப் போய்ச் சாக்கடைத் தண்ணீரில் விழுந்து நாலு காலையும் உதறியது பாருங்கள், நூற்றிருபது பேரும் விசில் அடித்தார்கள். சவரி மட்டும் தண்ணீரில் இறங்கித் தூக்கினான். தன் சட்டையைக் கழற்றித் துடைத்தான். எனக்கு நாக்கு அரித்தது. "பொறந்த புள்ளையத் தொடைக்கிற மாதிரி தொடைக்கிறான் பாரு. பாவம், ஆரோக்கியம் வயித்துல ஒண்ணும் தங்கல, அதான் கம்பெனியே ஒரு புள்ளையக் குடுத்துருக்கு" என்றேன். ஆரோக்கியம் அவன் சம்சாரம். மூன்று தடவை கலைந்தது அதற்கு. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மேஸ்திரி அங்கப்பன் மட்டும், "யோவ் தாண்டவா, வாய அடக்குய்யா" என்றான். தமாஷ் தெரியாத ஆள். சவரி நிமிர்ந்தே பார்க்கவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து நான் 'புள்ள பால் குடிச்சிச்சா?' என்று கேட்காத நாள் கிடையாது. சார்ஜ் போடுவதைச் சொல்கிறேன்.

நிஜமான வித்தை அதற்கப்புறம்தான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நாய் நேற்றையப் படத்தையும் இன்றையக் கூரையையும் ஒத்துப் பார்க்கிறது இல்லையா? சரி, நேற்று இல்லாததை இன்றைக்கு வைத்தால்? குளத்துக் களிமண்ணைப் பிசைந்து, பாறைத் தூளில் புரட்டி, விடியுமுன்னே இறங்கி மூங்கில் கழி நுனியில் வைத்துக் கூரையில் ஒட்டிவிடுவேன், ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. காலையில் நாய் வரும், அண்ணாந்து பார்க்கும், குந்திவிடும். சிவப்பு விளக்குச் சுற்றும். வேலை நிற்கும். 'கூப்பிடு தாண்டவனை!' என்பார்கள்.

நான் உடனே போய்விடுவேனா? வெற்றிலை போட்டு முடித்துத்தான் எழுந்திருப்பேன். போய், கோலை நீட்டி, நாலு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, கண்ணை மூடி, அப்புறம் கோல் நுனியாலேயே மண்ணைச் சுரண்டிவிட்டு ஒற்றைக் கோடு போடுவேன். "கல்லு மாதிரி இருக்கு. நாய்க்குப் பேதி போலருக்கு, அதான் குந்துது" என்பேன். நாற்பது நாளில் பதினெட்டுத் தடவை குந்தியது. ஆட்களுக்கு நாயைக் கண்டாலே ஆத்திரம். வேலை நின்று நின்று வீடு போக நேரமாகிறதே! போகிற வருகிறவன் எல்லாம் அதை ஒரு உதை விட்டான். உதைத்தால் தடுமாறும், நிற்கும், மறுபடி நடக்கும். ரோஷம் இல்லாத ஜென்மம். சவரிக்கும் அதே குணம்.

ரூபிணியம்மா ராவெல்லாம் முழித்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் உள்ளே போய்விட்டது. ஒரு நாள் என்னிடமே வந்து, "ஐயா, அது ஏன் தப்புத் தப்பா சொல்லுதுன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டது. "ஏம்மா, பொறுக்கிப் போட்ட எலும்பக் கூட நாய் மோந்துதான் பாக்கும். இதுக்கு மூக்கும் இல்ல, காதும் இல்ல. காது இல்லாததக் கூரை பாக்கச் சொன்னா எப்படி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனது. எண்பத்தாறாம் நாள் பெட்டியை வெளியே எடுத்து வெயிலில் காய வைத்தார்கள். நாய் திரும்பப் போகப் போகிறது. எனக்கு ஆட்கள் மாலை கூடச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

எண்பத்தேழாம் நாள் ஆறாம் மட்டத்தில் வைரவன் குந்தியது.

எனக்கே ஆச்சரியம். ஏனென்றால் அன்றைக்கு நான் மண் ஒட்டவில்லை. அந்தப் பக்கமே போகவில்லை. நம் வித்தையை எவனோ கற்றுக்கொண்டு நமக்கு முன்னால் ஒட்டிவிட்டான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். சுற்றி முப்பது பேர். சவரி ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூரத்தில் வளைவில் நிற்கிறான். நாய் குந்தினால் ஓட்டுகிற ஆள் இருபது அடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று சட்டம். பக்கத்தில் காற்று மெஷின் வேறு ஓடுகிறது.

அவன் அங்கிருந்து சைகை காட்டினான். வாயைக் குவித்து என்னவோ சொன்னான். "என்னடா, புள்ள அழுவுதா?" என்றேன். முப்பது பேரும் சிரித்தார்கள்.

விளக்குக்கு ஆள் எதற்கு? நாயின் கழுத்திலேயே விளக்கு இருக்கிறது. குந்தினபடியே அது வெளிச்சத்தைக் கூரைக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மண் எங்கே என்று தேடினேன், கண்ணில் படவில்லை. சரி, போகட்டும். கோலை நீட்டி ஒரு தட்டுத் தட்டினேன். வெளிச்சத்தைப் பார்த்தேன். ஆடவில்லை. இன்னொரு தட்டு. ஆடவில்லை. தம்பி, அப்படி ஒரு ஆடாத வெளிச்சத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல கூரை காராம்பாறையிலேயே கிடையாது என்று தோன்றியது. மூன்றாவது தட்டும் தட்டிவிட்டுச் சுண்ணாம்பை எடுத்து ஒற்றைக் கோடு போட்டேன்.

திரும்பிப் பார்க்கிறேன், சவரி ஓடி வருகிறான். ரிமோட் நெஞ்சில் மோத மோத, வாய் கிழிகிற மாதிரித் திறந்திருக்கிறது, கை இரண்டும் மேலே. முப்பது பேரும் வேறு பக்கம் ஓடுகிறார்கள். எனக்கு விளங்கிவிட்டது. அடப்பாவி, நாயை நான் உதைக்கப் போகிறேன் என்று பயந்து அதைக் காப்பாற்ற ஓடி வருகிறான்! வந்த வேகத்தில் என் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். வயசில் மூத்தவன், தொழில் கற்றுக்கொடுத்தவன், என்னைத் தள்ளினான் தம்பி! பத்தடி தள்ளிப் போய் விழுந்தேன். இந்தப் பாருங்கள், முழங்கையில் தழும்பு. அந்த நேரம் பார்த்துக் கூரை இறங்கிவிட்டது.

அவன் தள்ளின தள்ளில்தான் அதிர்ந்து இறங்கியதோ என்று கூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இரண்டு லாரிக் கல். நாய்க்கு ஒரு கால் நசுங்கியது. சவரிக்கு இரண்டும். நாயை அன்று மாலையே பெட்டியில் வைத்துப் பத்திரமாக ஏரோப்ளேனில் ஏற்றினார்கள், ரிப்பேருக்கு. சவரியை மணல் லாரியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்கு மேலே இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நாய்க்குப் புதுக் கால் வந்துவிட்டது.

அப்புறம் விசாரணை. நாயின் கண் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறது. துரோகி. ஒரு ரூமில் திரை கட்டிப் போட்டார்கள். படத்தில் நான் தட்டுகிறேன். ஊமைப் படம், ஒரு சத்தம் கிடையாது. ஒரு தட்டுத் தட்டினதும் ரூபிணியம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. 'திரும்பப் போடு' என்று அதிகாரி விரலைச் சுற்றினார். திரும்பப் போட்டார்கள். மூன்றாம் தடவை போட்டபோது மேஸ்திரி அங்கப்பன் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். படத்தில் என் வீரத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் தலையை ஆட்டினேன். அதிகாரி எனக்குப் பின்னால் போய் நின்றார். என்ன செய்தார் என்று தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'உங்களை ஆறு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.' கூப்பிட்டால் என்ன? மரியாதையாக முன்னால் வந்து கூப்பிட வேண்டியதுதானே! பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நான் என்ன நாயா?

அன்றோடு வேலை போயிற்று. சொல்லி வைத்த மாலையும் போயிற்று.

ஆனால் கேளுங்கள் அக்கிரமத்தை. என் வேலை இப்போது யாருக்கு? சவரிக்கு! வைரவனுக்கு முன்கால் ஒன்றில் சின்ன இரும்புச் சுத்தியல் மாட்டிவிட்டார்கள். அது போய்க் கூரையைத் தட்டும். இவன் மேலே குளுகுளு ரூமில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்பான். கோடா, பெருக்கலா என்று பொத்தானை அமுக்குவான். வேர்வை இல்லை, புழுதி இல்லை, ஆறாம் மட்டத்துக்கு ஏணி இறங்கும் வேலை இல்லை. இரண்டு கால் போனால் போகிறது, அந்த மாதிரி நாற்காலி யாருக்குக் கிடைக்கும்? கேட்பவர்களிடம் எல்லாம் நான் சொல்கிறேன், சவரி அதிர்ஷ்டக்காரன்.

இருந்தாலும் நான் பகை வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதோ இந்த பஸ் பிடித்து, புளியம்பாறை விலக்கில் இறங்கி, அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவேன். தள்ளினவன் அவன், பழம் கொண்டுபோகிறவன் நான், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் திமிர் இன்னும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து சவரம் கிடையாது, மீசையும் தாடியும் வாயை மூடிக் காடாகக் கிடக்கிறது. அந்தக் காட்டுக்குள் உதடு மட்டும் அசைகிறது. சத்தமே வராது தம்பி. வேண்டுமென்றே செய்கிறான். முன்பெல்லாம் என் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்தி, கிளிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிப் பேசுவான். பத்தொன்பது வருஷமும் அப்படித்தான் பேசினான். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிறான்.

நாலு வாரமாக ஒரே கேள்வி. கேள்விதான், எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு, நாற்காலிக் கையில் விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, முகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். முதல் வாரம் 'ஆமாம்' என்று தலையாட்டினேன். உள்ளேயிருந்து ஆரோக்கியம் ஓடி வந்து என் பழத்தைத் தூக்கி வாசலில் எறிந்தது. சரி, அடுத்த வாரம் 'இல்லை' என்று ஆட்டினேன். அவன் அழுதுவிட்டான். மூன்றாவது வாரம் சும்மா இருந்தேன். அவனும் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போன வாரம் மறுபடி அதே கேள்வி. நான் டீக்கடை முனியன் கதையைச் சொன்னேன். அவனுக்குப் பிடித்த கதை. எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பான், போன வாரம் சிரிக்கவில்லை.

தம்பி, உங்களுக்கு விசேஷம் எத்தனை மணிக்கு? ஒரு அரை மணி நேரம் என்னோடு இறங்குகிறீர்களா? அடுத்த பஸ் உடனே வரும். பேச வேண்டாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அவன் அதைக் கேட்பான். நீங்கள் அந்தக் கடிகாரத்தை மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஆமாம்' சொல்லலாம் என்றால் அசையாமல் வைத்திருங்கள். 'இல்லை' என்றால் லேசாக ஆட்டுங்கள், யாருக்கும் தெரியாத மாதிரி. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொள்வேன். காது கேட்காததற்காக இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காகத்தான்.

என்ன, எல்லோரும் திரும்பி என்னையே பார்க்கிறார்கள்? கண்டக்டர் எதற்கு இப்படி வாயைப் பிளக்கிறான்? அட, விலக்கு வந்துவிட்டதா! எழுந்திருங்கள் தம்பி, எழுந்திருங்கள். கடிகாரம் பத்திரம்.

ஏன் தம்பி உங்கள் கை இப்படி நடுங்குகிறது? வண்டிதான் நின்றுவிட்டதே.